இரண்டாம் கட்டம்

என் படம் போட்ட பிளெக்ஸ் பேனர் ஒன்றை, என் சொந்தச் செலவில், நானே அடித்திருக்கிறேன். தேர்தலில் நிற்கவில்லை, எந்தத் தலைவருக்கும் பிறந்தநாள் இல்லை, வீட்டில் யாருக்கும் காது குத்தவும் இல்லை. அது ஒரு லாட்ஜ் நிறுவனத்துக்கு நான் வரைந்த எண்டர்பிரைஸ் ஆர்க்கிடெக்சர். ஒரு நிறுவனத்தில் என்ன வேலை நடக்கிறது, அந்த வேலைக்கு என்ன தகவல் வேண்டும், தகவலை எந்த மென்பொருள் வைத்திருக்கும், அது எந்த இயந்திரத்தில் ஓடும் என்பதையெல்லாம் மாடி மாடியாக அடுக்கி, இன்று இருக்கும் நிலையிலிருந்து நாளை வேண்டிய நிலைக்கு எந்தெந்தப் படியில் கால் வைத்து ஏறுவது என்று காட்டும் வரைபடத்துக்கு எங்கள் தொழிலில் அப்படிப் பெயர். அதைத் தென்காசிப் பேருந்து நிலையத்துக்குப் பக்கத்துச் சந்தில் இருந்த பிளெக்ஸ் கடைக்கு எடுத்துக்கொண்டு போனேன். கடைக்காரர் தலையைச் சாய்த்துச் சாய்த்துப் பார்த்தார்.

"அண்ணாச்சி, இதுல படம் எங்க?"

"இதுதான் படம்."

"இது டப்பா டப்பாவால்லா இருக்கு. நான் மூஞ்சியக் கேக்கேன். மூஞ்சி இல்லாம இங்கன ஒருத்தரும் பிளெக்ஸ் அடிச்சது கிடையாது. நாளைக்கு என் கடைப் பேருதான் கெட்டுப்போகும்."

மறுத்திருக்கலாம். ஆனால் பத்தடி அகலத்தில் தன் முகத்தைப் பார்க்கும் வாய்ப்பு வரும்போது மறுக்கிற அளவுக்கு என்னைப் புத்தகங்கள் பக்குவப்படுத்தவில்லை. சித்தி மகன் கல்யாணத்தில் வாசலில் நின்று எல்லோரையும் கும்பிட்டு வரவேற்ற படம் ஒன்று செல்போனில் இருந்தது. அதையே கொடுத்தேன். வலது கீழ் மூலையில், பொன்னிற வளையத்துக்குள், கைகூப்பியபடி நான். என் கைக்குக் கீழே நான் முக்கியமென்று நினைத்த வாக்கியம்: 'ஒவ்வொரு கட்டமும் தனியாக நிற்க வேண்டும், அடுத்தது தடைப்பட்டாலும் முந்தையது ஓட வேண்டும்.'

நான் எப்படித் தென்காசியில் வந்து லாட்ஜுக்குப் படம் வரைந்தேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன். பெங்களூரில் இருபது வருடத்துக்கு மேல் இந்த வேலைதான் பார்த்தேன். கடைசியில் ஒரு காணொளிக் கூட்டத்தில், நிறுவனத்தின் எதிர்கால அமைப்பில் என் பதவிக்கு இடமில்லை என்று மிகுந்த மரியாதையோடு சொன்னார்கள். ஆதாரமாக ஒரு வரைபடத்தையும் காட்டினார்கள். அதில் உண்மையிலேயே எனக்கான பெட்டி இல்லை. அந்த வரைபடத்தை வரைந்தவன் நான். எனவே வாதாட ஒன்றுமில்லாமல் ஊருக்கு வந்து, அறிவுரை கேட்க ஆள் கிடைப்பார்களா என்று காத்துக்கொண்டிருந்தபோதுதான் முதலாளியம்மா கூப்பிட்டு அனுப்பினார்.

அவருக்குக் குற்றாலத்தில் மூன்று லாட்ஜுகள். மெயின் அருவிக்குப் பக்கத்தில் பெரியது. ஐந்தருவிச் சாலையில் நடுத்தரம். தென்காசிச் சாலையில் சின்னது. கணவர் போனபிறகு மூன்றையும் அவர்தான் நடத்தினார். சீசன் முழுக்க மூன்று செல்போன்களோடு பெரிய லாட்ஜின் முன்மேசையில் உட்கார்ந்திருப்பார். அந்த உட்காரலே அவர் முதுகெலும்பை வாங்கிவிட்டது. இன்னொரு சீசன் உட்கார்ந்தால் பிறகு எழுந்திருக்க முடியாது என்று திருநெல்வேலி டாக்டர் சொல்லிவிட்டார். கொழுந்தமார் இருவரும், மூன்றையும் வெளியாளுக்குக் குத்தகைக்கு விட்டுவிடலாம் என்று அன்போடு நெருக்கினார்கள். இவர் ஒரே ஒரு சீசன் அவகாசம் கேட்டிருந்தார்.

"தம்பி, நான் படுத்துக்கிட்டே மூணையும் பாக்கணும். எந்த ரூம்ல ஆள் இருக்கு, எது காலின்னு இந்தக் கட்டில்ல இருந்து தெரியணும். தெரிஞ்சா லாட்ஜு என் கையில. தெரியலன்னா அவங்க கையில. அம்புட்டுதான் விசயம்" என்றார். நான் பார்த்த நிறுவனங்களில் எந்தத் தலைவரும் தன் தேவையை இவ்வளவு சுருக்கமாகச் சொன்னதில்லை. நான் அதை நாற்பது பக்கமாக விரித்தேன்.

திட்டம் நான்கு கட்டம். முதலில் சின்ன லாட்ஜ். அது நிலைத்த பிறகு ஐந்தருவி. மூன்றாவது பெரிய லாட்ஜ். கடைசியில் இணையப் பதிவு, சமையற்கட்டு எல்லாம் சேர்ந்து ஒரே குடை. பிளெக்ஸில் கட்டங்களுக்கு நடுவே புள்ளிக்கோடுகள் போட்டிருந்தேன். அதைப் பெரிய லாட்ஜின் வரவேற்பறையில் மாட்டத்தான் அடித்தது. முதலாளியம்மா தன் படுக்கையறையில், கட்டிலுக்கு நேர் எதிரே மாட்டச் சொல்லிவிட்டார். "ஒரு பக்கமாத்தான் படுக்கச் சொல்லியிருக்காவ. அந்தப் பக்கம் எதையாவது பாக்கணும்லா" என்றார்.

பெரிய லாட்ஜின் முன்மேசைக்கு, போலீஸிலிருந்து ஓய்வுபெற்ற ஏட்டையா பொறுப்பு. ரூம் கேட்டு வருகிறவரை வாடிக்கையாளர் என்று அவர் ஒருபோதும் நினைத்ததில்லை; சந்தேகத்துக்குரிய நபர் என்றே நினைத்தார். புதுமணத் தம்பதி வந்தால் மாப்பிள்ளையைத் தனியே கூப்பிட்டு மாமனார் பேரைக் கேட்பார். கணினியில் அந்தக் கேள்விக்கு இடமில்லை என்று தெரிந்ததும் என் திட்டத்தின் மேல் அவருக்கு இருந்த கொஞ்ச நம்பிக்கையும் போய்விட்டது. அதற்குப் பிறகு என்னைக் காணும்போதெல்லாம், "என்ன தம்பி, எந்தக் கட்டத்துல நிக்கீரு?" என்பதுதான் அவருடைய வணக்கம்.

சின்ன லாட்ஜில் பங்குனியில் ஆரம்பித்தோம். அருவியில் பாறை மட்டும் விழாமல் நின்றுகொண்டிருந்த மாதம். ஒரு மருந்துக் கம்பெனிப் பிரதிநிதி தங்கினார்; அவர் போனபிறகு இன்னொரு மருந்துக் கம்பெனிப் பிரதிநிதி தங்கினார். கணினி இருவரையும் ஒரு பிசகு இல்லாமல் பதிந்தது. முதலாளியம்மாவின் கட்டிலில் நான் வைத்துக்கொடுத்திருந்த கணினித் திரையில், ஆள் வந்ததும் ஒரு ரூம் சிவப்பாக மாறி, காலியானதும் மறுநாள் பச்சையானது. நான் அதை முழு வெற்றி என்று அறிவித்து அறிக்கை எழுதினேன். "கூட்டமே இல்லாத இடத்துல பந்தோபஸ்து நல்லாத்தான் இருக்கும்" என்றார் ஏட்டையா. பொறாமை என்று நினைத்துக்கொண்டேன். அது பொறாமையும்தான்.

சாரல் அந்த வருடம் முந்திக்கொண்டது. வைகாசி முடிவதற்குள் மலையில் மேகம் இறங்கிவிட்டது. சீசனின் முதல் ஞாயிற்றுக்கிழமை கொழுந்தமார் வீட்டுக்கு வந்து, மதினி படுத்துக்கொண்டே எப்படி நடத்துகிறாள் என்று நேரில் பார்ப்பதாக ஏற்பாடு. ஐந்தருவியில் அப்போதுதான் தொடங்கியிருந்தோம். திட்டப்படி அங்கே ஒரு சீசனாவது நிற்க வேண்டும். ஆனால் பெரியதை விட்டுவிட்டு மற்ற இரண்டு லாட்ஜுகளை மட்டும் திரையில் காட்டினால் எடுபடுமா என்று யோசித்தேன். முதலாளியம்மாவின் கௌரவத்துக்காக யோசித்ததாக அப்போது என்னிடம் சொல்லிக்கொண்டேன். இரண்டாம் கட்டத்தையும் மூன்றாம் கட்டத்தையும் ஒன்றாக்கி, அந்த ஞாயிறன்றே பெரிய லாட்ஜையும் கணினிக்கு மாற்றினேன். ரூம் சாவிகள் தொங்கிய பலகையைக் கழற்றி மாடிப்படிக்கு அடியில் வைக்கச் சொன்னதும் நான்தான்.

குற்றாலத்தில் ரூம் எடுப்பவர்களில் பாதிப்பேர் தூங்குவதற்கு எடுப்பதில்லை. காலையில் வேன் போட்டு வருவார்கள். எண்ணெய் தேய்க்கவும், குளித்துவிட்டு வந்து உடை மாற்றவும், பெண்கள் தலை உலர்த்தவும் ஒரு ரூம் வேண்டும். மதியச் சாப்பாட்டுக்கு முன் சாவியை மேசையில் போட்டுவிட்டுப் போய்விடுவார்கள். அந்தச் சாவி பலகைக்கு வந்ததும் ரூம் அடுத்த வேன்காரருக்கு. ஒரு ரூம் ஒரே நாளில் மூன்று குடும்பத்தைப் பார்க்கும். இது எனக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. என் கல்யாணத்துக்கு வந்த சொந்தபந்தம் முழுவதும் இப்படித்தான் குளித்தது. ரூம் பிடித்துக் கொடுத்தது நான். ஆனால் வரைபடம் வரையும்போது நான் தென்காசிக்காரனாக இல்லை. ஒரு ரூம், ஒரு பெயர், மறுநாள் காலை வரை என்றுதான் போட்டிருந்தேன். உலகத்தில் எல்லா ஓட்டலும் அப்படித்தான்.

காலை எட்டு மணிக்கே திரை முழுவதும் சிவப்பு. ரூம்களில் முதல் கூட்டம் ஒவ்வொன்றாகக் காலி செய்துகொண்டிருந்தது. கணினி அடுத்தவருக்குக் கொடுக்க மறுத்தது. வாசலில் நூறு பேருக்குக் குறையாமல் சாரலில் நின்றார்கள். அதில் பாதி ஆண்கள் ஏற்கெனவே எண்ணெய் தேய்த்துக்கொண்டு வந்தவர்கள். நெற்றியில் எண்ணெய் வழிய, இடுப்பில் ஒரு துண்டோடு நிற்கும் மனிதரிடம் மென்பொருளின் உள்ளமைப்பை விளக்கிச் சமாதானப்படுத்த முடியாது. நான் முயன்று பார்த்தேன்.

அப்போது முதலாளியம்மா போனில் வந்தார். அந்தக் குரலில் அப்படியொரு மகிழ்ச்சியை நான் அதற்கு முன் கேட்டதில்லை. "தம்பி, எல்லாம் சிவப்பா எரியுது! இம்புட்டுக் காலைலயே ஹவுஸ்புல்லா? கொழுந்தமாருவ ரெண்டு பேரும் இங்கனதான் உக்காந்து பாத்துக்கிட்டு இருக்காவ."

"ஆமாம்மா" என்றேன். திரையைப் பொறுத்தவரை அது உண்மை.

போனை வைத்துவிட்டுத் திரும்பினால், ஏட்டையா பழைய விசிலை எடுத்து ஊதிக்கொண்டிருந்தார். கணினியைத் தாண்டி அவரே ரூம்களைத் திறந்துவிட ஆரம்பித்தார். அது அதைவிட மோசமாகப் போனது. சாவிப் பலகை இல்லாததால், காலி என்று நினைத்து அவர் திறந்துவிட்ட ரூம் ஒன்றில், குளிக்கப் போயிருந்த குடும்பத்தின் பட்டுச்சேலைகள் இருந்தன. புதிதாய் நுழைந்தவர்கள் அவற்றின்மேல் ஈரத்துண்டுகளைப் போட்டுவிட்டார்கள். சேலைக்காரர்கள் திரும்பி வந்தபோது எழுந்த சத்தத்தில் அருவியின் சத்தம் கேட்கவில்லை. "ஏலே, அமைதி! அமைதி! எல்லாரையும் உள்ள தூக்கிப் போட்டுருவேன்" என்றார் ஏட்டையா. உள்ளே போகத்தானே அவர்கள் காலையிலிருந்து கேட்டுக்கொண்டிருக்கிறார்கள் என்று ஒரு எண்ணெய்த்தலை பதில் சொன்னது.

வரிசையில் நின்ற யாரோ ஒருவர் இளைய கொழுந்தனாருக்குத் தெரிந்தவராம். அவர் போன் போட்டுச் சொல்லிவிட்டார். முதலாளியம்மா மறுபடி கூப்பிட்டார். எடுத்த எடுப்பிலேயே கேட்டார்:

"உண்மையச் சொல்லுங்க தம்பி. ரூம் நெறஞ்சிருக்கா, திரை நெறஞ்சிருக்கா?"

"திரைதாம்மா."

திட்டுவார் என்று காத்திருந்தேன். "எனக்கு எதுத்தாப்புல நீங்கதான் மூணு மாசமா கும்பிட்டுக்கிட்டு நிக்கீங்க" என்றார். "உங்க கைக்குக் கீழ எழுதியிருக்கத நான் தெனமும் படிக்கேன். ஒவ்வொரு கட்டமும் தனியா நிக்கணும்னு போட்டிருக்கு. அப்ப நில்லுங்க. பெரிய லாட்ஜப் பழையபடி விட்டுருங்க. சாவிப் பலகைய எடுத்து மாட்டச் சொல்லுங்க. ஐந்தருவிய மட்டும் கையில வச்சிச் சரிபண்ணுங்க. மேல ஏற வேண்டாம்."

"அங்கே கொழுந்தமார் இருக்காங்களேம்மா?"

"காப்பி குடிக்காவ. நடந்ததச் சொல்லிட்டேன்."

எத்தனையோ நிறுவனங்களுக்கு அந்த வாக்கியத்தை நான் விற்றிருக்கிறேன். அதை நம்பி நடந்துகொண்ட ஒரே ஆள் முதுகு ஒடிந்து கட்டிலில் கிடந்த அவர்தான். நான் எப்போதும் நாலாவது கட்டத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். நடுவில் இருந்தவை எனக்கு வெறும் வழிப்பாதை. அன்றைக்கே ஐந்தருவியில் ஒவ்வொரு ரூமையும் 'காலை', 'மதியம்', 'இரவு' என்று மூன்று ரூமாகக் கணினியில் எழுதிவைத்தேன். தொழில் தெரிந்தவன் பார்த்தால் தலையிலடித்துக்கொள்வான். ஓடியது. சாவிப் பலகை மறுபடி ஏறிய பெரிய லாட்ஜை அவர் போனில் கேட்டுக் கேட்டுப் பார்த்தார். மற்ற இரண்டையும் திரையில் பார்த்தார். அவர் படுத்தபடியே அந்த ஞாயிறை நிமிர்த்துவதைப் பார்த்துக்கொண்டிருந்த மூத்த கொழுந்தனார், காப்பி டம்ளரைக் கீழே வைத்துவிட்டு, "சரி மதினி, இந்த சீசன் போகட்டும்" என்றாராம்.

அந்த சீசன் போனது; அதற்குப் பின் இன்னும் இரண்டு போயின. ஒவ்வொரு மாசியிலும் நான் மூன்றாம் கட்டத்துக்கான திட்டத்தோடு போவேன். கண்ணாடி போட்டுக்கொண்டு முழுவதையும் படிப்பார். "இப்ப நல்லாத்தான நிக்கு?" என்பார். ஒரு காபி வரும். நான் எழுந்து வருவேன். முதலில் எரிச்சல் வந்தது, பிறகு அலுப்பு, அப்புறம் அதுவும் போய், மாசியில் போய்க் காபி குடித்துவிட்டு வருவது ஒரு பழக்கமாகிவிட்டது. எனக்கும் அப்போது ஐம்பது தாண்டியிருந்தது. வந்த நிலைக்கும் போகவேண்டிய நிலைக்கும் நடுவில், தற்காலிகம் என்று போட்ட படியிலேயே பாயை விரித்துப் படுத்துவிட்ட மனிதர்களைப் பற்றி எங்கள் தொழிலில் யாரும் படம் வரைவதில்லை.

இந்த வருடம் ஆனியில், சாரல் நன்றாக விழுந்துகொண்டிருந்த ஒரு மதியத்தில், முதலாளியம்மா போய்விட்டார். திரை கட்டிலில் திறந்தே இருந்ததாம். பதினாறாம் நாள் விசேஷத்துக்கு வந்த இடத்திலேயே கொழுந்தமார் முடிவைச் சொன்னார்கள். பெரிய லாட்ஜ் குத்தகைக்குப் போகிறது. மற்ற இரண்டும் கோயம்புத்தூரில் இருக்கும் முதலாளியம்மாவின் மகளுக்கு. "அது ரெண்டும் தானா ஓடுது. பிள்ள அங்கன இருந்தே போன்ல பாத்துக்கிடும்" என்றார் மூத்தவர். மூன்று வருடத்துக்கு முன் நான் இரண்டாம் கட்டத்துக்கும் மூன்றாம் கட்டத்துக்கும் நடுவே போட்ட புள்ளிக்கோட்டின்மேலேயே சொத்து பிரிந்தது. அடுத்தது தடைப்பட்டது, முந்தையது ஓடுகிறது. வரைந்தவனுக்கு இதைவிட வெற்றி கிடையாது. அதைச் சொல்லிச் சந்தோஷப்பட, தினமும் படித்தவர் இல்லை.

பின்கட்டில் பந்தி போட்டிருந்தார்கள். சாரல் இலையில் விழுந்துகொண்டிருந்ததால், யாரோ படுக்கையறையிலிருந்து பிளெக்ஸைக் கழற்றிக்கொண்டு வந்து நான்கு மூலையிலும் கயிறு போட்டு மேலே கட்டியிருந்தார்கள். எழுத்துகள் வெளுத்துவிட்டன. புள்ளிக்கோடுகள் போய்விட்டன. பொன்னிற வளையம் மட்டும் அப்படியே இருந்தது. அதற்குள்ளிருந்து சாப்பிடுகிறவர்களையெல்லாம் நான் கும்பிட்டுக்கொண்டிருந்தேன். எனக்கு அடுத்த இலையில் ஆலங்குளத்திலிருந்து வந்த பெரியவர் ஒருவர். வெகுநேரம் அண்ணாந்து பார்த்தவர், பாயாச வாளியோடு வந்த ஏட்டையாவை நிறுத்தினார்.

"ஏட்டையா, மேல இருக்காரே, இவரு அம்மாவுக்கு முன்னாடியே தவறிட்டாரோ?"

ஏட்டையா அண்ணாந்தும் பார்க்கவில்லை. "இன்னும் போகல அண்ணாச்சி, ரெண்டாம் கட்டத்துல நிக்காரு. அந்தா, ஒங்க பக்கத்துல பாயாசத்துக்கு இலையக் காட்டிக்கிட்டு இருக்காருல்லா, அவருதான்."