சதுரப் புள்ளி வைத்த ‘நில்’

சையத் இப்ராஹிம் ஏற்காட்டின் ஒண்டிக்கடைப் பகுதியில் போர்டு எழுதுகிறவர். சேலத்திலிருந்து மனைவி மைமூனோடு அங்கே வந்தது 1963இல். கடைப் பலகை, லாரி நெற்றி, எஸ்டேட் கேட் என்று எதைக் கொடுத்தாலும் எழுதுவார். ஆனால் மலையில் அவருக்குப் பேர் வாங்கிக் கொடுத்தது பனிமூட்டம்தான்.

ஒரு பங்களாவில் ஏலத்துக்கு வந்த சாமான்களுக்கு நடுவே பழைய பிஸ்கட் டின் ஒன்று அவர் கண்ணில் பட்டது. அதிலிருந்த ஆங்கில எழுத்துகள் தடித்தவை. ஒவ்வொன்றுக்கும் தலையிலும் காலிலும் செங்கல் வைத்தாற்போல் சதுரக் கட்டை. டின்னை வேலிமேல் வைத்துவிட்டு, பார்த்தபடியே பின்னால் நடந்தார். பக்கத்துப் பலகையின் மெல்லிய எழுத்து பத்தடியிலேயே மூட்டத்தில் கரைந்தது. டின் எழுத்து முப்பதடியிலும் நின்றது.

அன்றிலிருந்து தமிழ் எழுத்துக்கும் செங்கல் கால் வைக்க ஆரம்பித்தார். வளைந்த எழுத்து லேசில் நிற்கவில்லை. முதல் ‘மெ’ பூட்ஸ் போட்ட கோழி மாதிரி இருந்தது. ஆறு மாதத்தில் கை பழகிவிட்டது. ‘மெதுவாக’, ‘ஹாரன் அடிக்கவும்’ என்று வளைவுக்கு வளைவு அவரையே எழுதச் சொன்னார்கள். மலையில் வேறு யாருக்கும் அந்த எழுத்து வரவில்லை.

1971 ஐப்பசியில் ஒரு காலை, ஜீப் டிரைவர் ஐயாக்கண்ணு கடைக்கு வந்தான்.

“வெள்ளக்கடை தாண்டி போர்டு வெச்சீங்களே பாய், உங்களுக்குப் புண்ணியமுங்க. அது இல்லீன்னா நேத்து நான் பள்ளத்துலதாங்க கெடந்திருப்பேன்.”

“அங்க நான் போர்டே வெக்கலியே.”

“உங்க எழுத்துங்க. ‘நில்’லுன்னு வெள்ளையா இருந்துச்சு. எறங்கிப் பாத்தா, பத்தடி முன்னால ரோட்டுல பாதி இல்லீங்க.”

இப்ராஹிம் அவனோடு ஜீப்பில் போனார். சாலை சரிந்த இடத்தில் எஸ்டேட் ஆட்கள் கல் அடுக்கிக்கொண்டிருந்தார்கள். போர்டு இல்லை. கம்பம் நட்ட குழியும் இல்லை. மிளகு பறிக்கும் பூவாயி மட்டும் கிட்டே வந்தாள்.

“நானும் பாத்தனுங்க. எனக்குப் படிக்கத் தெரியாது. ரெண்டு ஆளு காலை அகட்டிக்கிட்டு வழியில நின்னாப்பல இருந்துச்சு. பயந்துக்கிட்டுத் திரும்பிட்டேன்.”

அவள் பேசி முடிப்பதற்குள் மூட்டம் இறங்கியது. கல் அடுக்கியவர்களின் சத்தம் மட்டும் கேட்டது, ஆட்களைக் காணோம். அப்போது இப்ராஹிமும் பார்த்தார். இரண்டே எழுத்து. ‘நி’யின் கால் அவர் எழுதுகிற செங்கல் கால்தான். ஆனால் ‘ல்’லின் தலைமேல் இருந்த புள்ளி சதுரமாக இருந்தது. அவர் எப்போதும் வட்டப் புள்ளிதான் வைப்பார். கிட்டே போய்க் கையை நீட்டினார். ஈரக்காற்றுதான் பட்டது. விரலில் பெயின்ட் கரைக்கும் டர்பன்டைன் வாசம் இருந்தது. அன்று அவர் பிரஷ்ஷைத் தொடவே இல்லை.

வீட்டுக்கு வந்ததும் ஒரு தகரத்தில் ‘நில்’ எழுதினார். பிடிவாதமாக வட்டப் புள்ளியே வைத்து, மறுநாளே சாலை சரிந்த அந்த வளைவில் நட்டுவிட்டு வந்தார்.

நாலு நாள் கழித்து ஐயாக்கண்ணு ஜீப்பை நிறுத்தி எட்டிப் பார்த்தான்.

“எதுக்குங்க பாய் ரெண்டு போர்டு? ஒண்ணு பத்தாதுங்களா?”

இப்ராஹிம் பெயின்ட் டப்பாவை எடுத்துக்கொண்டு அவனோடு கிளம்பினார். வளைவில் அவர் நட்ட பலகை ஒன்றுதான் இருந்தது. வட்டத்தின் நாலு பக்கத்திலும் மூலை இழுத்துப் புள்ளியைச் சதுரமாக்கினார். அதற்கப்புறம் அங்கே இரண்டு போர்டு பார்த்ததாக யாரும் சொல்லவில்லை.

மைமூன் ஒருநாள் நேரடியாகவே கேட்டாள். “என்னங்க, மொதல்ல அங்க எழுதுனது யாரு?”

“நான்தான்.”

“எப்ப எழுதுனீங்க?”

“அதுதான் தெரியல மைமூன்.”

இப்ராஹிம் இன்னும் இருபது வருஷம் போர்டு எழுதினார். லாட்ஜ், பேக்கரி, கோடைவிழா அலங்கார வளைவு என்று ஊரெல்லாம் அந்தச் செங்கல் கால் எழுத்து நின்றது. ‘நில்’ என்று மட்டும் மறுபடி எழுதவில்லை. யாராவது கேட்டால், ‘நிற்கவும்’ என்று எழுதிக் கொடுத்து, கூடுதல் எழுத்துக்குக் காசு வாங்காமல் அனுப்பிவிடுவார்.