மாரி கேட்டது

டாக்டர் எதிரில் உட்கார்ந்திருந்தபோது, பக்கத்து அறையில் சுவரைத் துளைக்கும் மெஷின் உறுமியதும் நான் இரண்டு காதுகளையும் பொத்திக்கொண்டேன். இதற்கு ஆட்டிசம் என்று ஒரு பெயர் இருப்பது, நாற்பது வயதில், போன வாரம்தான் எனக்குத் தெரிந்தது.

தொண்ணூறுகளின் கடைசியில், எங்கள் கோச்சடை வீட்டில் கிரைண்டர் ஓடும்போதும் இப்படித்தான் பொத்திக்கொள்வேன். சமையல் வேலைக்கு வந்த பஞ்சவர்ணம் அக்காவின் மகள் மாரிக்கும் என் வயதுதான். அவளும் பொத்திக்கொள்வாள். மாடிப்படிக்கு அடியில், ஈர மாவு வாசனையில், இருவரும் பேசாமல் உட்கார்ந்திருப்போம்.

"பாப்பாவுக்குச் சத்தம் ஆகாது" என்று அம்மா எனக்காகக் கதவைச் சாத்துவார். என் பள்ளியில் மணியடிக்கும் இடத்திலிருந்து என்னைத் தள்ளி உட்காரவைத்தார்கள். மாரியை அவள் பள்ளியில் அடித்தார்கள். ஒருநாள் அவள் டீச்சர் கையைக் கடித்துவிட்டாள்.

"பேய் புடிச்சிருக்குன்னு சொல்றாகம்மா. ஒரு கோயில்ல கட்டிப்போட்டா சரியாயிருமாம். நாளைக்குக் கொண்டுபோயி, ஒரு மாசம் கூடவே இருந்து கூட்டியாரேன்" என்றார் அக்கா.

"நானும் அப்படித்தானேம்மா" என்றேன் அம்மாவிடம்.

"நீயும் அவளும் ஒண்ணா? உள்ள போ."

கிளம்பும்போது மாரி என்னிடம் வந்தாள். "அங்க எம்புட்டுச் சத்தம் இருக்கும்?"

"சத்தமே இருக்காது" என்றேன். நம்பிப் போனாள்.

ஒரு மாதம் கழித்து அக்கா மட்டும் வேலைக்குத் திரும்பினார். மாரி எங்கே என்று எங்கள் வீட்டில் யாரும் கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை.

டாக்டர் எழுதுவதை நிறுத்திவிட்டு நிமிர்ந்தார். "சின்ன வயசுல உங்கள மாதிரி வேற யாரையாவது தெரியுமா?"

"இல்ல டாக்டர்" என்றேன்.