தொப்பியைப் பார்த்த ரெஃபரி

போன ஞாயிற்றுக்கிழமை கொட்டாஞ்சேனையில் ஒரு உதைபந்தாட்ட ஃபைனல். ரெஃபரி என் கணவர். ஆட்ட நேரம் முடிந்துவிட்டது. என் மணிக்கூடு அப்படித்தான் சொல்கிறது. பக்கத்தில் கடலை கொறித்துக்கொண்டிருந்தவரின் மணிக்கூடும் அதையேதான் சொல்கிறது. மாதா கோயில் மணியும் அடித்து ஓய்ந்துவிட்டது. இவர் மட்டும் விசிலை ஊதவில்லை!

வாயில் விசில் இருக்கிறது. கண் மேடையைப் பார்க்கிறது.

அந்தப் பார்வையை நான் முன்பே பார்த்திருக்கிறேன் — வேறு ஒரு நாட்டில், வேறு ஒரு ரெஃபரியின் முகத்தில்.

அதற்கு முதல், வீட்டுக் கதை. வியாழக்கிழமை காலை என் தம்பி குகன் வெள்ளவத்தையில் பேக்கரிக்குப் பாண் வாங்கப் போனான். யாழ்ப்பாணத்திலிருந்து வந்து எங்களோடு தங்கியிருப்பவன். கொழும்பில் தங்குவதற்குப் பொலிஸில் பதிந்த துண்டு பையில், அடையாள அட்டை கையில்... எல்லாம் ஒழுங்கு. ஆனால் அன்றைக்குப் பார்த்து ஆமியும் பொலிஸும் சேர்ந்து சுற்றிவளைப்பு. ஒழுங்காக இருப்பவர்களையும் ஏற்றினால்தானே ட்ரக் நிரம்பும்? பாணும் வரவில்லை, தம்பியும் வரவில்லை.

பொலிஸ் நிலையத்தில், "விசாரிக்கவேணும்" என்றார்கள். எதை விசாரிப்பது, எத்தனை நாள் விசாரிப்பது என்று கேட்கிற துணிவு எங்கள் இரண்டு பேருக்கும் இல்லை. வாசலில் நின்று பார்த்துவிட்டுத் திரும்பி வந்தோம்.

கொட்டாஞ்சேனைப் பக்கத்தில் ஒரு அரசியல் புள்ளி இருக்கிறார். சிங்களத்தில் 'மாத்தயா' என்றால் ஐயா; அங்கே 'மாத்தயா' என்றால் அவர்தான். ஒரு உதைபந்தாட்டக் கழகத்தின் போஷகரும் அவரே. என் கணவர் கிழமை நாட்களில் வங்கிக்காரர், சனி ஞாயிறுகளில் விசிலும் கையுமாகத் திரிகிறவர் என்பது இந்தப் பத்தியை வாசிக்கிற உங்களுக்குத் தெரியும். அந்தப் பழக்கத்தில் வெள்ளிக்கிழமை மாத்தயாவைப் போய்ப் பார்த்தோம்.

மாத்தயா பொறுமையாகக் கேட்டார். தேநீர் தந்தார். பிறகு இவருடைய தோளில் தட்டி, சிங்களத்தில் சொன்னார்: "ஞாயிறு ஃபைனலுக்கு நீங்கதானே ரெஃபரி? வாங்க, அங்கே கதைப்போம்."

அவ்வளவுதான். அந்த ஒரு வசனத்தை வைத்துக்கொண்டு நாங்கள் பட்ட பாடு! பஸ்ஸில் வரும்போது அதற்கு ஒரு அர்த்தம். வீட்டுப் படி ஏறும்போது வேறு அர்த்தம். ஃபைனலில் ஆடப்போவது மாத்தயாவின் கழகமும் மட்டக்குளிப் பெடியன்களும். இப்போது சொல்லுங்கள், நீங்களாக இருந்தால் என்ன அர்த்தம் எடுப்பீர்கள்?

"சும்மா சொன்னதாயிருக்கும்," என்றார் இவர்.

"சும்மா சொல்லுற ஆளே அவர்?"

"அப்ப எனக்குக் காய்ச்சல் எண்டு சொல்லிவிடுறன். வேற ஆரையும் போடட்டும்."

"ஐயோ, வேண்டாமப்பா! அதுக்கு அவர் என்ன நினைப்பார்?"

இவர் விசிலை எடுத்துத் துடைத்தார். பிறகு மெதுவாக, "இஞ்ச பாரும்... அவரின்ரை ரீம் தோத்தா?" என்று கேட்டார். நான் அடுப்பைப் பார்க்கக் குசினிக்குள் போய்விட்டேன். இரண்டு பேர் மனதிலும் ஒரு தொப்பி வந்து உட்கார்ந்துவிட்டது. அதைப் பற்றி இருவரும் வாய் திறக்கவில்லை.

எந்தத் தொப்பி?

நான் புலமைப்பரிசில் கிடைத்து இரசாயனம் படிக்கப் போன நாடு ஒரு கம்யூனிச நாடு. பெயர் வேண்டாம், இப்போது அந்தப் பெயரில் நாடே இல்லை! அங்கே உள்துறை அமைச்சுக்கு ஒரு உதைபந்தாட்ட அணி இருந்தது. உள்துறை என்றால் பொலிஸ், ரகசியப் பொலிஸ், சிறைச்சாலை எல்லாம் சேர்த்துத்தான். அப்படிப்பட்ட அணியை எவன் தோற்கடிப்பான்?

தொழிற்சாலை அணி ஒன்றில் நல்ல ஃபோர்வர்ட் ஒருவன் தலையெடுத்தால் போதும், அடுத்த வாரமே கட்டாய இராணுவ சேவைக்கு அழைப்பு வரும். அதற்கடுத்த வாரம் பார்த்தால், ஆள் அமைச்சு அணியின் ஜேர்சியில் ஓடிக்கொண்டிருப்பான். ஏன், எப்படி என்று ஒரு பத்திரிகையும் எழுதாது. எங்கள் ஹொஸ்டலில் இருந்தவர்கள் அவனுடைய பழைய அணியின் பெயரைக்கூடக் குரலைத் தாழ்த்தித்தான் சொல்வார்கள்.

இவ்வளவுக்குப் பிறகும் சில நாட்களில் அந்த அணி வெல்லாது. பந்துக்கு அரசியல் தெரியாதே! அதற்கும் ஒரு வழி வைத்திருந்தார்கள். கண்ணாடி அடைத்த பெட்டிக்குள் அமைச்சின் பெரியவர் உட்கார்ந்திருப்பார். உள்ளே ஹீட்டர் இருக்கும், ஆகவே ரோமத் தொப்பியைக் கழற்றி முன்னால் வைத்திருப்பார். தன் அணி முன்னுக்கு வந்ததும், புறப்படுவதற்காக அதை எடுத்துத் தலையில் போடுவார். உடனே ரெஃபரி விசில் ஊதுவார். தொப்பி மேசையில் இருக்கும்வரை ஆட்டம் முடியாது.

யாரும் அப்படி உத்தரவு போட்டதாக நான் கேள்விப்படவில்லை. எல்லோருக்கும் தெரியும், அவ்வளவுதான். ஸ்டேடியம் முழுக்கப் பந்தை விட்டுவிட்டுத் தொப்பியைப் பார்க்கும். பனி கொட்டும். கடைசி ட்ராம் வண்டி போகிற நேரம் வந்துவிடும். அப்போது கூட்டமே எதிரணி கோல் கீப்பரைப் பார்த்து முணுமுணுக்கத் தொடங்கும்: "விடப்பா ஒன்றை... வீட்டுக்குப் போகவேண்டாமா?" அவனும் பாவம், பந்து வலது பக்கம் வர இடது பக்கம் பாய்வான். தொப்பி தலைக்கு ஏறும். விசில் ஊதும். அடுத்த நாள் பத்திரிகையில் 'கடைசி நிமிட வீரக் கோல்' என்று கொட்டை எழுத்தில் வரும்.

இந்தக் கதையை நான் விருந்துக்கு விருந்து நடித்துக் காட்டியிருக்கிறேன். கிருலப்பனையில் ஒரு பிறந்தநாள் வீட்டில், விசிலை வாயில் வைத்துக்கொண்டு கழுத்தை மட்டும் திருப்பித் திருப்பிப் பார்க்கிற அந்த ரெஃபரியாக நான் நடிக்க, இவர்தான் எல்லோரையும்விடச் சத்தமாகச் சிரித்தார்.

ஞாயிறு பின்னேரம் யார் சிரிக்கிற நிலையில் இருந்தோம்? மட்டக்குளிப் பெடியன்கள் பேய் மாதிரி ஆடினார்கள். முதல் பாதியிலேயே ஒரு கோல் போட்டுவிட்டார்கள். நான் கை தட்டப் போய், பாதியில் கையை இழுத்து மடியில் வைத்துக்கொண்டேன். மேடையில் மாத்தயாவுக்குப் பக்கத்தில் ஒரு பொலிஸ் அதிகாரி. இரண்டு பேரும் தலையைக் குனிந்து ஏதோ பேசுகிறார்கள். குகனைப் பற்றியா? கோலைப் பற்றியா? அந்த அதிகாரி தலையை இல்லை என்று ஆட்டினால் எனக்கு உயிர் போகிறது. ஓம் என்று ஆட்டினால் அதற்கும் உயிர் போகிறது.

நேரம் முடிந்தது. இவர் ஊதவில்லை. மேடையைப் பார்த்தார். மாத்தயாவின் தலையில் தொப்பி ஒன்றும் இல்லை... வெறும் வழுக்கைதான். ஆனாலும் பார்த்தார்.

கூட்டம் முணுமுணுத்தது. "ரெஃபரிட மணிக்கூடு நிண்டுட்டு போல!" என்று ஒருவன் கத்தினான். என் மனதுக்குள் ஓடியது என்ன தெரியுமா? 'ஊதாதேங்கோ... கடவுளே, இன்னும் கொஞ்சம் ஊதாதேங்கோ...' அதுதான். தொப்பியைப் பார்த்தவனை ஊர் ஊராக நடித்துக் காட்டிய நானேதான் அப்படி வேண்டிக்கொண்டேன்.

வெளிச்சம் மங்கியது. மாத்தயாவின் கழக ஆட்டக்காரன் ஒருவன் தூரத்திலிருந்து ஒரு பந்தை உருட்டினான். அடித்தான் என்று சொல்வது அதிகம். மட்டக்குளி கோல் கீப்பர் நெல்சன் அன்றைக்கு எத்தனையோ இடிபோன்ற பந்துகளைப் பிடித்தவன். இந்தப் பந்துக்கு மட்டும் மற்றப் பக்கம் பாய்ந்தான். கோல்! அடுத்த மூச்சில் இவர் விசிலை ஊதினார். ஒன்றுக்கு ஒன்று. மேலதிக நேரம் ஆட வெளிச்சம் இல்லாததால் இரண்டு அணிக்கும் பொதுவாக ஒரு கிண்ணம்.

நெல்சன் நேரே இவரிடம் வந்தான். கோபத்தோடு வருகிறான் என்று நினைத்து நானும் ஓடிப்போனேன். அவன் கையுறையைக் கழற்றிக்கொண்டே, தணிந்த குரலில்தான் சொன்னான்: "இருட்டுப்பட்டா செக் பொயின்ட்டுல எங்க பொடியன்மார எறக்கி வச்சிருவாங்க சேர். நீங்களும் ஊதுற மாதிரி இல்ல... அதான் விட்டேன்." இவர் அவனுடைய முகத்தைப் பார்க்கவில்லை. பூட்ஸைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

அதற்குள் மாத்தயா மேடையிலிருந்து இறங்கி வந்தார். அவசரத்தில் இருந்தார். "என்ன ரெஃபரி மாத்தயா, இவ்வளவு நேரம் இழுத்துட்டீங்க? எனக்குத் தெமட்டகொடையில ஒரு கல்யாண வீடு. சுணங்கிட்டேன்!" என்று சிங்களத்தில் சொன்னவர், இரண்டடி போய்த் திரும்பினார். "ஆ, உங்க தம்பி விஷயம்... காலையிலேயே சொல்லிட்டேனே. இந்நேரம் வீட்டில இருப்பான்."

காலையிலேயே!

வெள்ளவத்தைக்கு பஸ் ஏறினோம். மாத்தயா சொன்னது பொய்யாக இருந்தால் என்ற பயம் ஒரு பக்கம். உண்மையாக இருந்தால் என்ற பயம் இன்னொரு பக்கம். அந்த இரண்டாவது பயத்தை எப்படி விளக்குவது என்று எனக்குத் தெரியவில்லை.

உண்மைதான். திறப்பு இல்லாமல் கதவடியில் உட்கார்ந்திருந்தான் குகன். மத்தியானமே விட்டுவிட்டார்களாம். முகம் வற்றியிருந்தது. மடியில் ஒரு றாத்தல் பாண். "நீங்கள் சொன்ன பாண், அக்கா," என்று நீட்டினான். நான் பாணையும் அவனையும் சேர்த்துக் கட்டிக்கொண்டு அழுதேன். வெட்கம் ஒன்றும் பார்க்கவில்லை.

சாப்பிடும்போது அவன் சாதாரணமாகக் கேட்டான்: "ஆர் அத்தான் வெண்டது?"

இவர் பாணைப் பிய்த்துக்கொண்டே இருந்தார். "ஒருத்தரும் வெல்லேல்லையடா," என்றார் கடைசியில். விசில் இன்னும் இவருடைய கழுத்தில் தொங்கிக்கொண்டிருந்தது. நான்தான் அதைக் கழற்றி மேசை லாச்சிக்குள் போட்டேன்.

மாத்தயா எங்களிடம் எதையும் கேட்கவில்லை. தொப்பி போடவுமில்லை. அவர் கேட்டிருப்பார் என்று நாங்களாக முடிவெடுத்து, நெல்சனின் கிண்ணத்தில் பாதியை எடுத்து அவருக்குக் கொடுத்துவிட்டோம். பயம் என்பது அவ்வளவு பழகிய வேலைக்காரன். சொல்லாமலே செய்து முடித்துவிடுகிறது.

தொப்பிக் கதையை இனி நான் நடித்துக் காட்டமாட்டேன். அந்த நாட்டில் படித்த காலமெல்லாம் அந்த ரெஃபரியின் கழுத்தைத்தான் பார்த்துச் சிரித்தேன் — அவருடைய வீட்டில் யார் இன்னும் திரும்பி வரவில்லை என்று ஒருநாளும் கேட்டதில்லை.