சிவப்பு விழுந்தா சொல்லும்மா

டேட்டா ஓடுவதைக் காவல் காக்கிற தொழிலில் இருப்பவர்களே, உங்களுக்குத் தெரியாததா? ஓடினால் நம்மை யாருக்கும் தெரியாது. நின்றால் ஊருக்கே தெரியும்.

கும்மிடிப்பூண்டியில் ஓர் இரும்பு ஆலையில் எனக்கு வேலை. உலையிலும் லேபிலும் எடுக்கிற அளவுகள் கம்ப்யூட்டருக்குள் பல கட்டம் தாண்டி, கடைசியில் தரச் சான்றிதழாக அச்சாகும். எந்தக் கட்டம் நின்றாலும் காட்டிக்கொடுக்க ஒரு மென்பொருள் வாங்கி, என் தலையில் கட்டினார்கள்.

முதல் நாள் பச்சை

கட்டம் ஓடினால் பச்சை, நின்றால் சிவப்பு. நிறுவியதும் திரை முழுக்கப் பச்சை. பெருமை தாங்காமல் ஷிப்ட் சூப்பர்வைசர் முனிரத்தினம் அண்ணனை இழுத்து வந்து காட்டினேன். "ஃபர்னஸ் காலைலேர்ந்து ஷட்டவுனாச்சேம்மா?" என்றார். பிறகுதான் பார்த்தேன், மென்பொருளோடு கூடவே வந்த சாம்பிள் டேட்டா அது. எங்கள் ஆலையை நான் இன்னும் இணைக்கவே இல்லை. அண்ணன் விழுந்து விழுந்து சிரித்தார்.

"வேலயே செய்யாம நல்லா கீறேன்னு சொல்லுது. குடுத்துவெச்ச மெஷினும்மா!"

சாப்பாட்டு நேரம்

மறுநாள் ஒழுங்காக இணைத்தேன். ஆர்வக்கோளாறில், எந்தக் கட்டம் துளி தாமதமானாலும் எல்லாருக்கும் மெசேஜ் போகும்படி வைத்துவிட்டேன். கேன்டீனில் ஒருவர் பாக்கியில்லாமல் எல்லார் போனும் அலறியது. லேப் ஷகிலா தன் போனை டிபன் டப்பாவுக்குள் போட்டு மூடினாள். முனிரத்தினம் அண்ணன் கையில் சோற்றோடு என்னிடம் வந்தார்.

"பேஜாராகீதும்மா! எம் பொண்ணு கல்யாணத்துக்கே இத்தினி போன் வர்ல."

நின்றால் மட்டும் கூப்பிடு என்று மாற்றிவைத்தேன்.

எளாவூருக்கு முன்னால்

ஒரு மதியம் நிஜமாகவே சிவப்பு. லேபிலிருந்து முடிவு வருகிற கட்டம் நின்றிருந்தது. ஆனால் சான்றிதழ் பாட்டுக்கு அச்சாகிக்கொண்டிருந்தது, அதற்கு முன்னால் உருக்கிய இரும்பின் அளவுகளோடு! கம்பி ஏற்றிய லாரி கேட்டில் உறுமியது. அந்தக் காகிதத்தோடு போனால் அத்தனை கம்பியும் திரும்பிவரும், ஆலையின் பெயரும் கெடும். போனில் செக்யூரிட்டியிடம் கத்திக்கொண்டே ஓடினேன். லாரி நின்றது. ஷகிலா முடிவுகளை மறுபடி அனுப்ப, சரியான சான்றிதழ் வந்தது. நானும் அவளும் கட்டிப்பிடித்துக் குதித்தோம். சூளூர்ப்பேட்டைக்கார டிரைவர் காகிதத்தை வாங்கிக்கொண்டு சொன்னார்:

"எளாவூர் செக்போஸ்ட் தாண்டியிருந்தா நான் நிக்கமாட்டேன்மா, நீதான் ஆந்திராவுக்கு ஓடி வந்துகினு இருப்பே!"

ஆளுக்கொரு கட்டம்

அதிலிருந்து என் திரைக்கு ஏக மவுசு. அதில் தனக்கும் ஒரு கட்டம் கேட்டு வராத ஆள் இல்லை. முதல் மனு முனிரத்தினம் அண்ணனுடையது.

"கேன்டீன்ல வடை தீர்ந்துபோச்சுன்னா, சிவப்பு விழறமாரி ஒண்ணு போடும்மா."

ஆக, கோடிக்கணக்கான அளவுகளைக் கண்காணிக்கப் பிறந்த ஒரு மென்பொருளை, எங்கள் ஆலை கடைசியில் மனதார ஏற்றுக்கொண்டது வடைக்காகத்தான்.