லேப் அக்கா சொல்லித்தந்தது

இரண்டாம் மாடியின் கடைசி அறை ஒரு காலத்தில் உடைந்த பெஞ்சுகளைப் போட்டு வைக்கிற இடம். பெஞ்சுகளை இறக்கிவிட்டுக் கம்ப்யூட்டர்களை ஏற்றினார்கள். பெஞ்சு கிடந்தபோதும் அந்த அறையைக் கூட்டியவள் அவள்தான், கம்ப்யூட்டர் வந்த பிறகும் அவள்தான். பள்ளிக்கூடத்துப் பதிவேட்டில் அவள் துப்புரவுப் பணியாளர், அதுவும் தற்காலிகம். பதினோரு வருஷமாகத் தற்காலிகம். பிள்ளைகளுக்கு மட்டும் அவள் லேப் அக்கா.

இருபது பெட்டிகள். ஒவ்வொன்றின் குணமும் அவளுக்கு அத்துப்படி. மூன்றாம் பெட்டியை எழுப்பக் கன்னத்தில் தட்ட வேண்டும். பதினாறாம் பெட்டி, பின்னால் ஒயரைச் சற்றே தூக்கிப் பிடித்தால்தான் கண் திறக்கும். பதினெட்டாம் பெட்டியின் கீபோர்டில் எழுத்தெல்லாம் தேய்ந்து வழுக்கைத் தலை மாதிரி ஆகிவிட்டது. தாளில் எழுத்துகளை எழுதி, நறுக்கி, பசை தடவி அவளே ஒட்டினாள். கோணல்மாணலாக இருந்தாலும் பிள்ளைகளின் விரல் தட்டுக்கெட்டுப் போகவில்லை.

கம்ப்யூட்டர் சார் என்று ஒருவர் இருந்தார். இருந்தார் என்றால், வருகைப் பதிவேட்டில் இருந்தார். மணி அடித்ததும் வருவார், பலகையில் நாலு வரி எழுதுவார், "செஞ்சுகிட்டு இருங்க, வந்துடறேன்" என்று போனைக் காதில் வைத்துக்கொண்டு வராந்தாவுக்குப் போவார். பாடம் முடிய அஞ்சு நிமிஷம் இருக்கும்போது எட்டிப் பார்த்து, "என்ன, ஆச்சா?" என்பார். நடுவில் இருக்கிற நேரமெல்லாம் லேப் அக்காவின் பாடு.

"அக்கா! என் கட்டம் ஓடிப்போச்சு!"

"ஓடிப்போனா நான் என்ன போலீஸா? மேல வளைஞ்ச அம்பு ஒண்ணு இருக்கு பாரு. ஒரு தட்டு தட்டு, போன வழியே திரும்பி வரும்."

"அக்கா, இவன் மவுஸையே குடுக்க மாட்டேங்கறான்!"

"டேய், அது என்ன உங்க தாத்தா சொத்தா? பத்து எண்ணு, அவகிட்ட குடு."

இத்தனையும் அவள் எங்கே படித்தாள் என்றால், பின்னால் நின்று படித்தாள். முதன்முதலில் இருந்த வாத்தியாரம்மா நன்றாக நடத்துவாள். இவள் துடைப்பத்தைச் சுவரில் சாய்த்துவிட்டு, துணியைக் கையில் வைத்துக்கொண்டு, துடைக்கிற மாதிரியே நின்று கேட்டாள். அந்த அம்மா போய்விட்டாள், கேட்டது போகவில்லை. திரையில் வருகிற ஆங்கிலத்தை அவளுக்குப் படிக்க வராது. பத்தாவது வரைக்கும் போன பள்ளிக்கூடம் அவ்வளவுதான் கொடுத்தது. ஆனால் முகத்தைப் பார்த்து ஆளைத் தெரிந்துகொள்வதுபோல, சொல்லின் உருவத்தைப் பார்த்தே இது திற, இது மூடு, இது வை என்று சொல்லிவிடுவாள்.

அந்த வருஷம் பள்ளிக்கூடத்துக்கு ஒரு கம்ப்யூட்டர் பயிற்றுநர் வேலை வந்தது. நிரந்தர வேலை. ஏற்கெனவே இருக்கிற ஆளுக்கே கொடுக்கலாம், வேலை தெரிந்திருந்தால் போதும் என்று ஆபீஸ் கிளார்க் வாய் தவறிச் சொன்னார். அவள் அன்றைக்கே தலைமையாசிரியையின் அறை வாசலில் போய் நின்றாள்.

"மேடம், அந்த வேலைய எனக்குக் கேட்டுப் பாருங்க."

தலைமையாசிரியை கண்ணாடியைக் கழற்றினார். "உனக்கா?"

"பாடம் நடத்துறது நான்தானே மேடம். பிள்ளைங்களக் கேளுங்க."

"எனக்குத் தெரியாதா? ஆனா நான் சொன்னா எடுபடாது. வெள்ளிக்கிழமை நிர்வாகத்துலேர்ந்து ஒரு அம்மா வர்றாங்க. ஒம்பதாம் வகுப்புப் பிள்ளைங்களோட அசைன்மென்ட்டப் பார்ப்பாங்க. நீதான் சொல்லித்தந்தேன்னு பிள்ளைங்க வாயாலேயே வரட்டும். அப்புறம் நான் பேசறேன்."

அன்றிலிருந்து அவளுக்குக் கால் தரையில் நிற்கவில்லை. வீட்டில் புருஷன் வெல்டிங் பட்டறையிலிருந்து கண் சிவந்து வந்து படுத்துவிடுவான். பேச்சுத் துணைக்கு நாத்தனார்தான். அவளுக்கு நாக்கு கொஞ்சம் நீளம்.

"என்ன அண்ணி, இன்னைக்கு எத்தனை டிவியத் தொடச்சீங்க?"

"வெள்ளிக்கிழமைக்கு அப்புறம் என்னை டீச்சர்னு கூப்பிடு. இல்லேன்னா பதில் சொல்ல மாட்டேன்."

"ஐயோ, அப்ப எங்கண்ணன் கைகட்டி நின்னு வருகைப் பதிவு சொல்லணுமா?"

"உங்கண்ணன் நின்னாலும் தூங்குவாரு. நீ ஒழுங்கா நில்லு."

அசைன்மென்ட் என்னவென்றால், வீட்டில் ஒரு வாரத்துக்கு எத்தனை வாளித் தண்ணீர் செலவாகிறது என்று எண்ணி, கட்டம் போட்டு, படம் வரைந்து, ஐந்து பக்கம் அடிக்க வேண்டும். மூன்று வாரம் நோட்டில் எழுதித் திருத்தினார்கள். ஒட்டடைக்குச்சி என்று பட்டப்பெயர் வாங்கிய நெட்டைப் பெண் ஒருத்தி, "அப்பா குளிக்க மூணு வாளி, பாட்டுப் பாடிக்கிட்டே குளிச்சா அஞ்சு" என்று எழுதிக்கொண்டு வந்தாள். அதைப் படித்துவிட்டு லேப் அக்கா சிரித்த சிரிப்பில் மேஜை ஆடியது.

நாற்பது பிள்ளைகள், இருபது பெட்டி. எப்போதும் ஒரு பெட்டிக்கு இரண்டு பேர். ஒருவன் அடிப்பான், இன்னொருத்தி வேடிக்கை பார்ப்பாள். இந்த ஒரு தடவையாவது எல்லாப் பிள்ளையும் தன் கையால் அடிக்கட்டும் என்று அவளே யோசனை சொன்னாள். காலையில் இருபது பேர், மதியம் இருபது பேர். கம்ப்யூட்டர் சாருக்கு அதில் லாபமும் இல்லை, நஷ்டமும் இல்லை. "சரி, சரி" என்றவர், பிள்ளைகள் பெயரைத் தப்பும் தவறுமாகப் போட்டால் தேடுவது கஷ்டம் என்று, பெட்டியின் எண்ணையே அசைன்மென்ட்டுக்குப் பெயராக வைக்கச் சொல்லிப் பலகையில் எழுதிவிட்டுப் போனார்.

வியாழக்கிழமை காலைக் கூட்டம் அடித்து முடித்து, பெட்டியில் சேமித்து வைத்துவிட்டுப் போனது. மதியக் கூட்டமும் அடித்து முடித்தது. சாயங்காலம் இருபது பெட்டிக்கும் உறை மாட்டும்போது ஒவ்வொன்றின் தலையிலும் லேசாகத் தட்டிக்கொடுத்தாள். நாளைக்கு மானத்தைக் காப்பாத்துங்கடா என்றாள்.

வெள்ளிக்கிழமை நிர்வாகத்து அம்மா வந்தார். நாற்பது பிள்ளைகளும் சுவரோரம் வரிசையாக நின்றார்கள். கம்ப்யூட்டர் சார் அன்றைக்குப் போனை எடுக்கவேயில்லை. லேப் அக்கா தேய்த்த புடவையைக் கட்டிக்கொண்டு கதவுப் பக்கம் நின்றாள்.

முதலில் ஒட்டடைக்குச்சியைத்தான் கூப்பிட்டார்கள். அவள் காலையில் ஏழாம் பெட்டியில் அடித்தவள். துள்ளிக்கொண்டு போய்த் திறந்தாள். திறந்ததும் அவள் முகம் சுருங்கியது.

"மேடம், இது என்னோடது இல்ல."

அது மதியம் அதே பெட்டியில் உட்கார்ந்த பையனுடையது. எட்டாம் பெட்டியிலும் அப்படித்தான். ஒன்பதிலும் அப்படித்தான். காலையில் அடித்த இருபது பேருடையதில் ஒன்றுகூட இல்லை. ஒரு பிள்ளை அழ ஆரம்பித்ததும் தொற்றுநோய் மாதிரி நாலு பிள்ளைகள் அழுதன.

நடந்தது இதுதான். காலையில் ஒட்டடைக்குச்சி வைத்ததற்கும் பெயர் ஏழு. மதியம் அந்தப் பையன் வைத்ததற்கும் பெயர் ஏழு. ஏற்கெனவே ஏழு என்று ஒன்று இருக்கிறதே, அதை அழித்துவிட்டு இதை வைக்கட்டுமா என்று பெட்டி ஆங்கிலத்தில் மரியாதையாகக் கேட்டது. பையன் ஆமாம் என்று அமுக்கிவிட்டான். இருபது பெட்டியும் கேட்டன, இருபது பேரும் அமுக்கினார்கள்.

"கேள்வி வந்ததா?" என்று நிர்வாகத்து அம்மா மதியக் கூட்டத்தைப் பார்த்தார்.

"வந்துச்சு மேடம்."

"படிச்சீங்களா?"

"இல்ல மேடம்."

"படிக்காம எப்படி ஆமான்னு அமுக்குனீங்க? யாரு சொன்னது?"

"லேப் அக்கா!" இருபது குரலும் ஒன்றாக வந்தது. அக்காவைப் பற்றிக் கேட்பார்கள், நல்லபடியாகச் சொல்ல வேண்டும் என்று பிள்ளைகள் தங்களுக்குள் ஏற்கெனவே பேசி வைத்திருந்தார்கள். கேள்வி வந்ததும் கொட்டிவிட்டார்கள். ஒருவன் மனப்பாடமாகவே ஒப்பித்தான்: "கேள்வி வந்தா பயப்படக் கூடாது, இடப்பக்கம் இருக்கறது ஆமாம், அதை அமுக்கினா வேலை முடிஞ்சிடும்னு அக்கா சொல்லித்தந்தாங்க."

சொன்னது உண்மைதான். நாற்பது பிள்ளைகள் நாற்பது தடவை கூப்பிட்டால் ஒருத்தி எங்கே என்று ஓடுவாள்? இத்தனை வருஷத்தில் அந்த ஆமாம் ஒரு நாளும் யாரையும் கெடுத்ததில்லை. ஒரே பெட்டியில் ஒரே பெயரில் இரண்டு கூட்டம் வைத்ததும் இல்லை.

கழுவுகிற மீனில் நழுவுகிற மீன் கம்ப்யூட்டர் சார். "எண்ணைப் பேரா வைக்கச் சொன்னது நான்தான் மேடம், ஒத்துக்கறேன். ஆனா படிக்காம அமுக்கச் சொல்ல மாட்டேன். இந்தம்மா நடுவுல புகுந்து ஏதாவது சொல்லிடறாங்க."

ஒட்டடைக்குச்சிக்குப் பொறுக்கவில்லை. தன் ஐந்து பக்கமும் போன துக்கத்தில் மூக்கை உறிஞ்சிக்கொண்டே முன்னால் வந்தாள். "இல்ல மேடம்! சார் ஒண்ணுமே சொல்லித்தர மாட்டாரு. ஆரம்பத்துலேர்ந்து எல்லாமே அக்காதான் சொல்லித்தந்தாங்க. எல்லாமே!"

எந்த வார்த்தைக்காக அவள் இத்தனை வருஷம் காத்திருந்தாளோ, அந்த வார்த்தை வந்துவிட்டது.

நிர்வாகத்து அம்மா கடுமையானவர் இல்லை. ஏழாம் பெட்டியில் அந்தக் கேள்வியைத் திரும்ப வரவழைத்து, "இங்க வாம்மா. இதுல என்ன எழுதியிருக்குன்னு படி" என்றார். மெதுவாகத்தான் சொன்னார். நாற்பது பிள்ளைகளும் பார்த்துக்கொண்டிருக்க, லேப் அக்கா குனிந்து எழுத்துக் கூட்டினாள். முதல் சொல் வந்தது. இரண்டாவது பாதி வந்தது. அதற்கு மேல் வரவில்லை. பின்னால் ஒரு பையன் அவளுக்கு உதவி என்று நினைத்து அடுத்த சொல்லைக் கிசுகிசுத்தான்.

"தெரியாததைப் பிள்ளைங்களுக்குச் சொல்லித்தரலாமா?" என்றார் அந்த அம்மா.

லேப் அக்கா தலைமையாசிரியையைப் பார்த்தாள். பேசுகிறேன் என்றவர் பேனா மூடியைக் கழற்றி மாட்டிக்கொண்டிருந்தார்.

அன்றைக்கு வீட்டில் நாத்தனார் ஒரு கிண்டலும் செய்யவில்லை. முகத்தைப் பார்த்தே புரிந்துகொண்டு, "சாப்பிடுங்க அண்ணி" என்று தட்டை நகர்த்தினாள். நாலு வார்த்தை குத்தியிருந்தால்கூடத் தாங்கியிருப்பாள்.

திங்கட்கிழமை சர்க்குலர் வந்தது. துப்புரவுப் பணியாளர்கள் வகுப்பு நேரத்தில் மாணவர்களுக்கு எதுவும் கற்பிக்கக் கூடாது. பயிற்றுநர் வேலைக்கு வெளியிலிருந்து ஆள் எடுப்பார்கள். காலைக் கூட்டம் இருபது பேரும் மறுபடி அடிக்க வேண்டும். சார் வந்தார், பலகையில் நாலு வரி எழுதினார், போனை எடுத்தார்.

"அக்கா, கொஞ்சம் பாத்துக்குங்க, வந்துடறேன்."

"சர்க்குலர் வந்திருக்கு சார். நான் தொடைக்கிறவ."

அவர் தோளைக் குலுக்கிவிட்டு வராந்தாவுக்குப் போனார். ஈரத்துணியை எடுத்துக்கொண்டு அவள் முதல் மேஜையில் ஆரம்பித்தாள். அக்கா, அக்கா என்று நாலா பக்கமும் குரல் வந்தது. "சாரைக் கேளு" என்றாள். சார் எங்கே என்றார்கள். "நீயே போய்ப் பாரு" என்றாள். கொஞ்ச நேரத்தில் கூப்பிடுவது குறைந்தது. அவள் பிடிவாதம் அவள் புருஷனுக்கே தெரியும், பிள்ளைகளுக்கு அன்றைக்குத் தெரிந்தது.

ஒட்டடைக்குச்சி மட்டும் கையைத் தூக்கியபடியே இருந்தாள். ஐந்து பக்கமும் அடித்து முடித்து, மூடப் போகும்போது திரையில் ஒரு கேள்வி வந்திருந்தது. "அக்கா, ஏதோ கேக்குது. ஒரு தடவை பாருங்களேன்." லேப் அக்கா பக்கத்து மேஜையில்தான் இருந்தாள். தலையைத் திருப்பாமலே திரை தெரிந்தது. அடித்ததை வைக்கட்டுமா என்று கேட்கிற கேள்வி அது. உருவமே போதும் அவளுக்கு. ஒரே ஒரு சொல் சொன்னால் தீர்ந்தது.

பெண் கேள்வியை எழுத்துக் கூட்டிப் பார்த்தாள். புரியவில்லை. ஆமாம் என்று அமுக்கித்தானே அன்றைக்கு இவ்வளவும் ஆயிற்று என்று நினைத்தாளோ என்னவோ, விரலை வலப்பக்கம் கொண்டுபோய் வேண்டாம் என்பதை அமுக்கினாள். பக்கமெல்லாம் மறைந்து திரை வெறுமையாக நின்றது.

அவள் அழவில்லை. அக்காவை ஒரு தடவை பார்த்தாள். பிறகு நோட்டைப் பிரித்து, முதல் வரியிலிருந்து ஒற்றை விரலால் அடிக்க ஆரம்பித்தாள். லேப் அக்கா துணியைப் பிழிந்துகொண்டு அடுத்த மேஜைக்குப் போனாள்.