ஊற்றை விட்டு இறங்காதவர்

மண்வெட்டியால் புல்கட்டியை வெட்டி, வாய்க்காலின் வாயில் வைத்து மிதித்தார் சதுர்னினோ லூப்பா. நகமெல்லாம் நீலம். மண்வெட்டியில் சாய்ந்து மூச்சு வாங்குவார், மறுபடி வெட்டுவார். உட்காரச் சொன்னால் கேட்கிற ஆள் இல்லை. மனைவியைப் புதைத்த அன்றுகூட, திரும்பி வந்ததும் தண்ணீரைத் திருப்பத்தான் போனார்.

லீப்பெஸ் மலைநாட்டில் இந்த உயரத்தில் மரம் கிடையாது. உப்புவெளி, கல், குத்தும் புல், மதியமானால் காற்று. நடுவே ஓர் ஊற்றை நம்பி அவருடைய புல்வெளி. நாள்தோறும் தண்ணீரைப் பரப்பிவிடாவிட்டால் அது ஒரே பள்ளமாக அரித்துக்கொண்டு உப்பில் போய் விழும். அவருடைய லாமா மந்தைக்கு மேய்ச்சல் இருக்காது.

அவருக்கோ ரத்தம் கெட்டியாகிவிட்டது. இந்த உயரம் சிலருக்கு அப்படிச் செய்யும். டாக்டர் சொல்லி, நர்ஸான நான் இருமுறை ஊசி போட்டுக் கொஞ்சம் ரத்தத்தை வெளியே எடுத்தேன்; போதவில்லை. கீழே போகாவிட்டால் இந்தக் குளிரை அவர் இதயம் தாங்காது. கூட்டிப்போக மகள் ஹெர்மெலிந்தா வந்திருந்தாள். கீழே துபீசா ஊர்ச் சந்தையில் அவளுக்கு சூப் கடை.

"அப்பா, காலையில லாரி வருது. மூட்டை கட்டியாச்சு."

"தண்ணியையும் கட்டிட்டியா?"

"நீ செத்துட்டா தண்ணியை யார் பாப்பாங்க?"

"செத்தப்புறம் எனக்கென்ன தெரியப்போகுது?"

அவள் என் பக்கம் திரும்பினாள். "நர்ஸம்மா, நீங்களாவது சொல்லுங்க."

"சொல்லிச் சொல்லி வாய் வலிக்குது. இங்க ஒரு ஆள் இருந்தாத்தான் இவர் நகருவார். என்னால மண்வெட்டி பிடிக்க முடியாது."

 ஹெர்மெலிந்தா அவர் கையிலிருந்து மண்வெட்டியைப் பிடுங்கினாள்.

"தள்ளு. நான் இருக்கேன். நீ போ."

"உனக்கு சூப்பு கலக்கத்தான் தெரியும்."

"சின்ன வயசுல திட்டித் திட்டிச் சொல்லிக்கொடுத்தியே, மறக்குமா?"

இருட்டும்வரை அவள் புல்கட்டிகளை வெட்டி வைத்தாள். அவர் பின்னாலேயே நடந்து குற்றம் சொன்னார். அவள் வைத்ததை எடுத்தார். எடுத்ததை அவள் திரும்ப வைத்தாள்.

காலையில் ஒரு மூலை தவிரப் புல்வெளியெங்கும் மெல்லிய பனிக்கட்டி; அவ்வளவு தூரம் தண்ணீர் பரவியிருந்தது. லாரி ஹாரன் அடித்தபோதும் அவர் அங்கேதான் சுற்றிக்கொண்டிருந்தார்.

"அந்த மூலை காஞ்சு கெடக்கு!"

"இன்னிக்கு அங்க தண்ணி விடறேன். ஏறு, அப்பா."

அவரைத் தள்ளி முன்சீட்டில் ஏற்றி, நானும் துணைக்கு ஏறினேன். ஹெர்மெலிந்தா கடைச் சாவியை என்னிடம் கொடுத்து, பக்கத்துக் கடைக்காரியிடம் சேர்க்கச் சொன்னாள். வண்டி கிளம்பியும் அவர் தலையை வெளியே நீட்டிக் கத்திக்கொண்டே வந்தார். தூசி வந்தது, அவரை உள்ளே இழுத்துக் கண்ணாடியை ஏற்றினேன். பின்னால், ஹெர்மெலிந்தா அந்த மூலைக்குப் போய் வெட்ட ஆரம்பித்திருந்தாள்.