எங்கள் வீட்டில் நடந்த இராணுவ நிர்வாகம்

எங்கள் கல்முனைப் பக்கத்தில் வீடு பெண்பிள்ளைக்குத்தான். மாப்பிள்ளை வந்து குடியேறுவார். பெற்றோர் அடுத்த மகளுக்கென்று கட்டும் வீட்டுக்கு மாறிப் போவார்கள். எழுபதுகளின் கடைசியில் எனக்குக் கலியாணம் முடிந்தபோது, பின்வளவில் தங்கச்சியின் வீடு கூரை போட்டுத் தயாராகத்தான் நின்றது. வாப்பா மட்டும் அசையவில்லை.

அதற்கு அவரிடம் ஒரு சரித்திரக் காரணம் இருந்தது. இளவயதில் அவர் சிங்கப்பூரில் இருந்தவர். யுத்தத்தில் ஊரைப் பிடித்து வைத்திருந்த ஜப்பான்காரன் தோற்றுப் போனதும், வெள்ளைக்காரன் திரும்பி வந்து முதலில் இராணுவ நிர்வாகம்தான் வைத்தானாம். அந்த நிர்வாகத்தின் கந்தோரில் வாப்பா தேத்தண்ணீர் கொண்டு கொடுத்தவர். அவர் கதைப்பதைக் கேட்டால் உத்தரவுகளில் கையெழுத்து வைத்ததே அவர்தான் என்று தோன்றும்.

மாப்பிள்ளை வீட்டுச் சொந்தங்கள் விருந்து முடிந்தும் எங்கள் வீட்டை விட்டபாடில்லை. ஒருவழியாக அவர்கள் போன அன்று, பகல் சோற்றில் வாப்பா அறிவித்தார்.

"இப்பவே வீட்டக் கையில தரேலா. சிங்கப்பூர்லயும் அப்பிடித் தரல்ல. கொஞ்சக் காலத்துக்கு ராணுவ நிர்வாகம். எல்லாம் ஒழுங்குக்கு வரட்டும்."

என் கணவர் மருதமுனைக்காரர், கைத்தறிச் சாறன் வியாபாரம். "ஓம் மாமா" என்றார். பகிடி என்று நினைத்திருப்பார், பாவம்.

முதல் உத்தரவு மணிக்கூட்டுக்கு. ஜப்பான்காரன் சிங்கப்பூர் மணிக்கூடுகளையெல்லாம் தன் ஊர் நேரத்துக்கு மாற்றி வைத்திருந்தானாம். இராணுவம் வந்துதான் திருத்தியதாம். எங்கள் மணிக்கூடு சரியாகத்தான் ஓடியது. அதற்காகச் சும்மா விட முடியுமா? வாப்பா முள்ளை முன்னே தள்ளி, பின்னே தள்ளி, "இப்ப சரி" என்றார். அன்றிலிருந்து அது தலைதெறிக்க ஓடத் தொடங்கியது. அடுத்த உத்தரவில் சீனி டின் அவருடைய கட்டிலுக்குக் கீழே போயிற்று. மூன்றாவது, எட்டு மணிக்குக் கேற்றுக்குப் பூட்டு. எட்டு என்றால் அந்த மணிக்கூட்டின் எட்டு.

சந்தையிலிருந்து நேரத்தோடு வரும் என் மனிதர் சாறன் மூட்டையோடு வெளியே நிற்பார். "ஆர் அது? எங்க போய் வாறீங்க?" என்று உள்ளேயிருந்து வாப்பா விசாரிப்பார். எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

ஒருநாள் என் கணவர் சந்தையிலிருந்து நேரே தாய் வீட்டுக்குப் போய்விட்டார். மாப்பிள்ளை தாய் வீட்டுக்குத் திரும்பினால் எங்கள் ஊரில் அந்தப் பெண்ணின் வாழ்க்கை சந்திக்கு வந்த மாதிரித்தான். இனி வரவே மாட்டாரோ என்ற பயத்தில் விடிந்தும் நான் அடுப்பு மூட்டவில்லை.

உம்மா அரிசி புடைத்தபடி வாப்பாவிடம் கேட்டார். "அந்தச் சிங்கப்பூர் ஆமிக்காரன் மறுகா என்ன செஞ்சான்?"

"போயிட்டான்."

"ஆரும் போகச் சொன்னாங்களா?"

"என்னத்துக்குச் சொல்லணும்? வேல முடிஞ்சா போறதுதானே முறை."

சொல்லி முடித்த பிறகுதான் என்ன சொன்னோம் என்று அவருக்கு விளங்கியது.

"அப்ப பாயச் சுருட்டட்டா?" என்றார் உம்மா.

வாப்பா சைக்கிளை எடுத்தார். பகலுக்குள் அவரும் என் கணவரும் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு மருதமுனையிலிருந்து வந்து சேர்ந்தார்கள். என்ன கதைத்தார்கள் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. வாப்பா கேற்றுப் பூட்டின் திறப்பை மருமகன் கையில் வைத்தார். சீனி டின்னும் குசினிக்குத் திரும்பியது. பின்னேரமே வாப்பாவும் உம்மாவும் பின்வளவுக்கு மாறினார்கள்.

மஃரிபு தொழுகைக்குப் பிறகு கேற்றில் தட்டும் சத்தம் கேட்டது. என் கணவர் குரலைக் கனமாக்கிக்கொண்டு, "ஆர் அது?" என்றார்.

"பழைய நிர்வாகம். மூக்குக் கண்ணாடிய மறந்து போனன்."

நாங்கள் விழுந்து விழுந்து சிரித்தோம். "கேற் பூட்டல்ல வாப்பா, தள்ளிக்கிட்டு வாங்க" என்றேன்.

"தெரியும் மகள். இருந்தாலும் கேக்காம வரப்படாது."

சிங்கப்பூரில் உழைத்த காசில் அவர் கட்டிய வீடு. பின்வளவிலிருந்து குசினிக் கதவால் நாலு எட்டில் வந்திருக்கலாம். வளவைச் சுற்றி வந்து கேற்றடியில் நின்றார். எனக்குச் சிரிப்பு அடங்கி அழுகை வந்தது. நான் போய்க் கையைப் பிடித்துக் கூட்டி வரும்வரை அவர் உள்ளே காலை வைக்கவில்லை.